காற்றுக் குழாயில் அடைத்த துணி

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் நலம், ஓவனும் நலம், அதற்கு மட்டும் போன மாதம் ஒரு பர்னர் மாற்ற வேண்டியிருந்தது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லப் போவதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, யாராவது வந்தால் மட்டும் நொண்டுகிறார். அக்கா வந்து இரண்டு நாள் இருந்து பட்டறையை ஒழுங்குபடுத்திவிட்டுப் போனாள், அதிலிருந்து எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

பிளாஸ்டிக் பவுடரை அச்சில் உருக்கி டேங்க், படகு செய்கிற நம் ரோட்டோ மோல்டிங் சங்கத்தில் தலைவர் மாறிவிட்டார். சாலைத் தடுப்பு செய்கிறவர்தான் புதுத் தலைவர், கூட்டம் நகராமல் நின்றதற்கு அதுதான் காரணம் என்று பக்கத்தில் இருந்த படகு செய்கிறவர் என் காதைக் கடித்தார். பவுடர் தரம் சரியில்லை என்று ஒரு மணி நேரம் புலம்பினார்கள். அப்புறம் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு கையேடு போடுவது என்று முடிவானது, சங்க இதழில் பதினைந்து வருஷமாக வந்த தொழில் குறிப்புகளில் நல்லதாக நாற்பதைப் பொறுக்கியிருக்கிறார்கள், அதில் முதல் குறிப்பே என்னுடையதாம். தலைவர் மேடையில் அறிவித்தார், கை தட்டினார்கள், பின்னாலிருந்து யாரோ, "அந்த அவசரக்காரப் பையன் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்தக் குறிப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எழுதப் போவதை ஒன்பது வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூட ஆர்டருக்குச் செய்த நான்கு தண்ணீர் டேங்கும் ஒன்றன்பின் ஒன்றாக வயிறு ஒட்டி, சுவர் உள்ளே குழிந்து வெளியே வந்தன. ஓவனிலிருந்து வந்த மோல்டின் மேல் தண்ணீர் அடித்துக் குளிர வைப்பது அப்போது உன் வேலை. கொஞ்சம் ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாய், அதனால்தான் எல்லாம் போயிற்று என்று ஆட்கள் முன்னால் கத்தினேன். நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய், "அம்மா, மோல்டு மூச்சு விடுதான்னு ஒரு தடவை பாரு." எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு பார்த்தேன். மோல்டு மூடியில் இருக்கிற அந்தச் சின்னக் குழாய்தான் உள்ளே காற்று போக, வர ஒரே வழி, பவுடர் கொட்டாமலிருக்க அதில் கம்பி நாரை லேசாக வைப்போம். அன்று காலை கம்பி நார் தீர்ந்துபோயிருந்தது, நான்தான் கை துடைக்கிற பனியன் துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்தேன், அப்புறம் மறந்தே போனேன். அது கருகி, உருகின பவுடரோடு சேர்ந்து கல் மாதிரி கிடந்தது. ஆறும்போது உள்ளே காற்று வர வழியில்லை, டேங்க் வயிற்றை இழுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுத்து, செய்தித்தாளில் பொதிந்து, பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஏறி வந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஏறவில்லை. முதலாளியம்மாவே தப்பு செய்தாள் என்று ஆகிவிடுமே என்கிற நினைப்புதான், வேறொன்றும் இல்லை. அதோடாவது விட்டேனா, அடுத்த மாதமே சங்க இதழுக்கு அவசரத் தண்ணீரால் வரும் கேடு என்று உன்னை வைத்தே எழுதி, உன்னை ஊர் சிரிக்க வைத்தேன். மறு வருஷம் நீ அவ்வளவு தூரத்துக் கம்பெனிக்குக் கிளம்பியபோது, பெரிய மெஷின் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறான் என்று எல்லோரிடமும் சொன்னவளும் நான்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறதப்பா.

அந்தப் பொய் புத்தகமாகவும் வந்து, நாளைக்கு உன் கம்பெனி அலமாரியிலும் உட்கார வேண்டுமா என்று தலைவருக்குப் போன் செய்தேன். "தொழில் விஷயத்தை மட்டும் மாத்திக்கலாம்மா, வீட்டு விஷயம் எதுக்கு?" என்றார். முடியாது என்று சொல்லி இப்படி எழுதியிருக்கிறேன்: டேங்க் சுவர் குழிந்தால், தண்ணீர் திறந்தவரைத் திட்டுவதற்கு முன் காற்றுக் குழாயைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கம்பி நாரை எடுத்துவிட்டு, குழாயில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிட்டுப் புது நார் வையுங்கள், துணி வேண்டவே வேண்டாம். நான் முன்பு எழுதியது தவறு, எழுதும்போதே அது தவறு என்று எனக்குத் தெரியும். குழாயைப் பார்க்கச் சொன்னவன் என் மகன்.

உன்னைத் திட்டியது ஆட்கள் முன்னால்தானே, அதனால் நேற்று டீ வேளையில் இந்தத் திருத்தத்தை அவர்களுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். ஐந்து பேர், அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். படித்து முடித்ததும் ஓவன் பார்க்கிறவர் டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னார், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்மா. நீங்க தொட்டியில போட்டதைத் தம்பி மாடி ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கு. இறங்கி வந்து எடுத்துப் பிரிச்சும் பார்த்துச்சு. அப்புறம் எங்ககிட்ட வந்து, அம்மா தலை குனியிற மாதிரி யாரும் ஒரு வார்த்தை பேசிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

நான் அப்படியே பவுடர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் பயந்தேன், நீயோ எல்லாம் தெரிந்துகொண்டே அந்தக் கேலியை எனக்காக வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாய். மன்னிப்புக் கேட்க முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன் கண்ணா.

கையெழுத்துப் போட்ட திருத்தத்தின் நகல் இதோடு இருக்கிறது. முழுக்கைச் சட்டை இல்லாமல் ஓவன் பக்கம் போகாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. திட்டியாவது ஒரு பதில் எழுது, இந்தத் தடவை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா