கோவிந்தன் அண்ணன் லாரிக்கு ஒரு சுவிட்ச்

பிப். 9, சனி

காலையில் நல்ல பனி. ஷட்டரைத் தூக்கினால் கையெல்லாம் ஈரம்.

என் வண்டி ஒயரிங் கடை முன்னால் ஒரு கிழட்டு லாரி. ஐம்பதுகளில் வந்த வண்டி. ஓட்டி வந்தவர் கோவிந்தன் அண்ணன். வில்லியனூருக்கு மேற்கே அவர் ஊர். அந்த ஊர்ப் பெருமாள் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடலுக்கு வருவது இந்த லாரியில்தான். ஓட்டுவது எப்போதும் கோ. அண்ணன்தான்.

கோளாறு: பின் ஆக்சிலில் இரண்டு வேகம். ஸ்லோ என்றால் ஆள் நடக்கிற மாதிரி ஊரும், ஊர்வலத்துக்கு. ஃபாஸ்ட் என்றால் ரோட்டுக்கு. கியர் கம்பியில் ஒரு சிவப்புக் குமிழ். தூக்கினால் ஃபாஸ்ட், அமுக்கினால் ஸ்லோ. மாற்றிக்கொடுப்பது இஞ்சின் இழுக்கிற காற்று. அதற்கு ஆக்சில் பக்கத்தில் ஒரு டப்பா, உள்ளே ரப்பர். ரப்பர் கிழிந்துபோச்சு. புதுசு எங்கேயும் இல்லை. போன வருஷம் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறார். பாதி ஊர்வலத்தில் பிய்ந்து, ஃபாஸ்டிலேயே மாட்டிக்கொண்டு, கிளட்ச் புகைந்து, கடைசியில் சாமியோடு சேர்த்து வண்டியை ஜனங்கள் தள்ளியிருக்கிறார்கள்.

"இந்த வருசமும் நின்னுச்சுன்னா அடுத்த வருசம் டிராக்டர்தான்னு ஊர்ல பேசி முடிச்சுட்டாங்க பாய். நான் வூட்ல குந்திக்கினு டிவில பாக்க வேண்டியதுதான்."

காற்றே வேண்டாம், கரண்டில் மாற்றித் தருகிறேன் என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பிப். 11, திங்கள்

தேவை: பஸ் வைப்பர் மோட்டார் (நல்ல கண்டிஷன்). கெட்டி ஸ்பிரிங். கட்-ஆஃப் சுவிட்ச் இரண்டு (முனைக்கு வந்ததும் மோட்டார் தானாக நிற்க). ஒயர். தகடு வெட்ட நம்ம மேட்டுப்பாளையம் லேத் பட்டறை. வீட்டுக்காரி நசீமாவுக்குப் பல் டாக்டர்.

மே.பாளையம் போனேன். பல் டாக்டர் மறந்துபோச்சு.

பிப். 14, வியாழன்

மேஜை மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கிர்ர்... டக். நின்றது. திருப்பிப் போட்டால் கிர்ர்... டக். இருபது தடவையாவது பார்த்திருப்பேன். சந்தோஷம் தாங்கவில்லை. கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை, நசீமாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள்.

"இதுக்கா பல்லு வலியோட என்னை உக்கார வச்சீங்க?"

சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

பிப். 17, ஞாயிறு

டப்பாவைக் கழற்றி அந்த இடத்தில் மோட்டாரை மாட்டியாச்சு. சுவிட்ச், குமிழ் இருந்த அதே இடத்தில். தூக்கினால் ஃபாஸ்ட், அமுக்கினால் ஸ்லோ, பழக்கம் மாறக்கூடாது என்று. நானாகவே நினைத்துச் செய்தேன், அவ்வளவு பெருமை எனக்கு.

சாமிக்குப் பதில் நெல் மூட்டை ஏற்றி ட்ரையல். நானே ஸ்லோவில் போட்டு வைத்தேன். கோ. அண்ணன் ஏறினார், எடுத்தார். ஒரே குலுக்கு. வண்டி ஃபாஸ்டில் பாய்ந்தது. டீக்கடை முன்னால் ஒரு மூட்டை விழுந்து நெல் கொட்டியது.

இறங்கி வந்து மூட்டையைப் பார்த்தார்.

"மேல சாமி இருந்திருந்தா?"

"டிராக்டரே பாத்துக்கட்டும்னு ஊர்ல சொல்லிடறேன்" என்று வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்.

பிப். 18, திங்கள்

காலையிலிருந்து ஒயர் ஒயராகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. எரிச்சல். வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

மத்தியானம் வண்டியை எடுத்துப்போக கோ. அண்ணன் வந்தார். ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் விரல் நுனியால் என் சுவிட்சைத் தொட்டார், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். விரலோடு சுவிட்சும் மேலே வந்தது, ஃபாஸ்டுக்கு. கிர்ர்... டக்.

"அண்ணே, இப்ப என்னா செஞ்சீங்க?"

"என்னா செஞ்சேன்? வண்டிய எடுக்கறேன்."

அவருக்கே தெரியவில்லை. பழைய குமிழ் கெட்டி, தொட்டதற்கெல்லாம் வராது. அதனால் இத்தனை வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. விஷயத்தைச் சொல்லி, இனிமேல் தொடாதீங்க என்றேன்.

"அதெப்படி பாய், தொடாம எடுக்கறது?"

கோபம் வந்தது. உடனே போயும்விட்டது. நானே பிஸ்மி சொல்லாமல் மெயினைப் போடமாட்டேன்.

சுவிட்சை டேஷ்போர்டு நடுவில் மாற்றினேன், ஓட்டுகிறவர், பக்கத்தில் உட்காருகிறவர் இரண்டு பேர் கைக்கும் எட்டுகிற மாதிரி. சிவப்புக் குமிழைத் துடைத்துப் பழைய இடத்திலேயே மாட்டினேன். அதற்கும் ஆக்சிலுக்கும் இப்போது ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தொட்டுக்கொள்ள மட்டும், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

பிப். 19, செவ்வாய்

மறுபடி மூட்டை, மறுபடி ட்ரையல். ஸ்லோ, ஃபாஸ்ட், ஸ்லோ. ஒரு மூட்டையும் அசையவில்லை. கோ. அண்ணன் இரண்டு டீ வாங்கினார். "வியாழக்கெழம நீயும் முன்னாடி குந்திக்கினு வா பாய். மோட்டாரு எதுனா மக்கர் பண்ணா?"

சரி என்றேன். கடை லீவு.

பிப். 21, மாசி மகம்

நல்ல வெயில். பெருமாள் மேலே, மல்லிகையும் சம்பங்கியுமாக. கேபினில் கோ. அண்ணன், இந்தப் பக்கம் நான். புறப்படும்போது குமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி ஆடாமல் நின்றது. மனசுக்குள் சிரித்தேன்.

ஊரிலிருந்து டவுன் வரை ஃபாஸ்டில் ஜம்மென்று வந்தோம். வைத்திக்குப்பம் திரும்பும் இடத்தில் சடாரென்று கூட்டம். முன்னால் பலூன்காரர், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள், மேளம். கோ. அண்ணன் பதறிவிட்டார். பதற்றத்தில் கை சிவப்புக் குமிழுக்குப் போனது. பலமாக அமுக்கினார். அது எங்கே கேட்கும்?

அமுக்கும்போதே பழக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், சரியாக எடுத்தார். அந்த நேரம் பார்த்து நான் சுவிட்சைத் தட்டினேன். மேளத்தில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை, காலடிப் பலகையில் அதிர்வு மட்டும். வண்டி அடங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஆரம்பித்தது. மேலே ஒரு பூ உதிரவில்லை.

"பாத்தியா பாய்? பழசு பழசுதான்" என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

ஆமாண்ணே என்றேன். இத்தனை நாள் வேலையும் குமிழ் கணக்கில் போனது. ஆனாலும் மனசு நிறைந்துதான் இருந்தது.

தீர்த்தவாரி நன்றாக முடிந்தது. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து பானெட்டைத் தட்டி, "அடுத்த வருசமும் நீயே ஓட்டுடா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோ. அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நசீமாவுக்குக் குப்பத்தில் சங்கரா மீன் வாங்கினேன்.

திரும்பும்போது கூட்டம் தாண்டி வில்லியனூர் ரோடு. ஃபாஸ்ட் போட வேண்டிய இடம். கோ. அண்ணன் கை குமிழ்ப் பக்கமே போகவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே காலை எடுத்தார்.

"ம், தட்டு பாய்."

தட்டினேன்.