வண்டிக்கு வைத்த ஆப்பு

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அதைவிட நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சிரிப்பாய், என்னைப் பேச விடமாட்டாய், அதனால் என் நாலாம் வகுப்புக் கையெழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன், பிழை இருந்தால் பார்த்தும் பார்க்காதது போல் போய்விடு. முதலில் வெட்கக்கேடான ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன், அம்மா சொல்லித் தெரிவதற்கு நானே சொல்லிவிடுவது மேல். நம் மோட்டார் சைக்கிள் வண்டியிலிருந்து சொட்டிய ஆயிலை நான் நக்கிப் பார்த்தேன். சொட்டுவது இன்ஜின் ஆயிலா கியர் பெட்டி ஆயிலா, மோந்து பாருங்கள் என்று மெக்கானிக் சொன்னார், எனக்கோ சளி பிடித்து மூக்கு இரண்டும் மூடிக் கிடந்தது, மூக்கு வேலை செய்யாவிட்டால் நாக்குதானே. விளக்கெண்ணெயில் துருப்பிடித்த ஆணியை ஊற வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மூன்று நாள் காப்பியும் அதே ருசி, ரசமும் அதே ருசி, எந்த ஆயில் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

இந்த மூன்று மாதமாக முன்னறை இருக்கும் கோலத்தை நீ பார்த்தால் வாசலோடு திரும்பிப் போய்விடுவாய். என் தச்சுப் பட்டறையில் ஒருவர் செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போட்டிருக்கும் இரண்டு அலமாரி இடத்தை அடைத்துக்கொண்டது, வெளியே விட்டால் மழை, அதனால் வண்டியை முன்னறையில் நிறுத்தினேன், அது உனக்குத் தெரியும். அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து மரத்தூள் கொட்டினேன், ஆயிலும் தூளும் சேர்ந்து களி மாதிரி ஆகிவிட்டது, அதில் தலைமுடி, செத்த கரப்பான், உன் அம்மாவின் ஒரு ஹேர்பின். பூனைக்கு இன்ஜின் சூடு பிடித்துப் போயிற்று, தட்டிலேயே படுத்துவிட்டு அந்தக் காலோடு போய் அம்மாவின் தலையணையில் நடக்கிறது. கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், உப்பு ஜாடி, எதைத் தொட்டாலும் பிசுக்கு. அம்மா முதலில் திட்டினாள், பிறகு திட்டுவதையும் நிறுத்திவிட்டாள், அதுதான் பயம். பேரன் தவழ்ந்து வருவான், தவழ வீட்டில் இருப்பது இந்த ஒரு தரைதான், அவன் கை வைக்கிற இடத்தில் ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி இருக்காது என்று சொல்லிவிட்டு, பழைய இரும்பு எடுப்பவரிடம் ஒன்றாம் தேதி வரச் சொல்லி வைத்துவிட்டாள். அவரும் ஒரு நாள் வந்து வாசலில் நின்றபடியே வண்டியை எடை பார்க்கிற பார்வை பார்த்துவிட்டுப் போனார். நீ வந்து பேரனை டேங்கின் மேல் உட்கார வைத்துத் தெருமுனை வரை ஓட்டுவதாகச் சொன்னாயே, அதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆயில் ருசி ஒரு பக்கம் என்றால் இது ஒரு பக்கம்.

மெக்கானிக்கை உனக்குத் தெரியாது, புதிதாகக் கடை போட்டிருக்கிறார், எதைக் கேட்டாலும் சாவகாசமாப் பார்ப்போம் என்பார், அதனால் நான் வைத்த பெயர் சாவகாசம். முதல் தடவை வந்தபோது அடித் திருகின் வாஷரை மாற்றினார், கீழே சொட்டினால் கீழேதான் கோளாறு என்று. நாலு நாள் கழித்து அதே இடத்தில் அதே சொட்டு. இரண்டாம் தடவை பக்க மூடியைக் கழற்றிப் பேக்கிங் மாற்றினார், அன்று சாயங்காலமே ஒழுகியது, இந்த முறை இரண்டு பக்கமும். நீ போனில் கேட்டபோதெல்லாம் நீ சொன்ன மாதிரியே செஞ்சாச்சும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அதை மறந்துவிடாதே, பின்னால் வருகிறது. மூன்றாம் தடவை அவருக்கே வெறுத்துப் போய், இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து, முகப் பவுடர் இருந்தால் கொடுங்கள் என்றார். வெள்ளைப் பவுடரை முழுக்கத் தூவிவிட்டு ஓட விட்டால் எங்கே முதலில் ஈரம் தெரிகிறதோ அங்கேதான் ஓட்டையாம். அம்மாவின் டப்பாவைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குக் கூட அவ்வளவு பவுடர் யாரும் பூசியிருக்க மாட்டார்கள், வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஓட விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தோம். ஒரு இடத்தில் ஈரம் வரும் என்று பார்த்தால், மூடி இடுக்கு, உதைக்கிற கம்பி முளைக்கிற இடம், மேலே வால்வுப் பெட்டி, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பவுடர் கறுத்துக்கொண்டு வந்தது. ஜுரம் விட்டவனுக்கு வேர்க்கிற மாதிரி. சாவகாசம் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு இடத்துல ஒழுகினா ஓட்டைண்ணே, எல்லா இடத்துலயும் ஒழுகினா உள்ள காத்து போக வழியில்லாம முட்டுதுன்னு அர்த்தம், மூச்சுக் குழாய் எங்கண்ணே என்றார். நான் பெருமையாகக் காட்டினேன். அதை எப்பவோ அடைச்சாச்சு தம்பி, என் மகளே போன் போட்டுச் சொன்னா, அவ அங்க கப்பல்ல இன்ஜின் பாக்கிறவ என்றேன். தேக்குக் கட்டையில் நானே செதுக்கிய ஆப்பு, சொருகி நாலு தட்டுத் தட்டினேன், முப்பது வருஷத் தச்சு வேலையில் அவ்வளவு கச்சிதமாக எதுவும் உட்கார்ந்ததில்லை. அவர் ஆப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே இருந்து உன் அம்மாதான் கரண்டியோடு வந்தாள். அவ சொன்னது குழாய் அடைச்சிருக்கா பாருங்கப்பான்னு, நீங்க அடைச்சிட்டு வந்து நிக்கிறீங்க, அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுச்சு என்றாள். சத்தியமாக எனக்கு விழுந்தது அடைச்சிருங்கப்பா என்றுதான். நடுவில் இருந்த க்கா பாரு எந்தக் கடலில் விழுந்ததோ. அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே என்றேன். நீங்க ஆப்பு செதுக்கிட்டு இருந்த சந்தோஷத்துல யார் பேச முடியும், அதுவும் அது வண்டிக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், நாற்காலிக்குன்னு நெனச்சேன் என்றாள்.

பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, நான் அடித்த ஆப்பல்லவா. பிடுங்கினால் அதற்குப் பின்னால் மண். குளவி கூடு கட்டியிருக்கிறது. நீ சொன்னது சரி, குழாய் முதலிலேயே அடைத்துத்தான் இருந்தது, அதனால்தான் ஆரம்பத்தில் நான் உன்னிடம் சொன்ன அந்தச் சின்னச் சொட்டு, பூட்டிய வீட்டுக்கு நான் இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறேன். கம்பி விட்டுக் குடைந்ததில் காய்ந்த புழுவும் இறக்கையுமாக ஒரு கை நிறைய வந்தது, அந்த நாற்றத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. பிறகு வண்டியை உதைத்தோம், ஒழுகவில்லை. அம்மா நம்பவில்லை, ஐந்து நாள் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் போடுவேன், ஐந்தும் சுத்தமாக இருந்தால் இரும்புக்காரரை வர வேண்டாமென்று சொல்கிறேன் என்றாள். நாலு தாள் வெள்ளையாகவே எடுத்தாயிற்று. நீ கையில் வைத்திருப்பது மூன்றாம் நாள் தாள், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள், அதற்காகத்தான் இதிலேயே எழுதுகிறேன்.

தரையைச் சோடா போட்டு இரண்டு தடவை தேய்த்துவிட்டேன், என் முதுகு போனது வேறு கதை. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதிகம் அதட்டாதே, அந்த வேலைக்கு உன் அம்மா வழி ரத்தம் போதும். பேரன் முட்டி சிவக்கத் தவழட்டும், உன் கைக்கு எந்த இன்ஜினும் அடங்கட்டும், நீங்கள் மூவரும் முழுசாக வந்து இறங்குங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் போனில் எனக்கு ஏதாவது வேலை சொல்வதாக இருந்தால் அம்மாவிடம் சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா (ஆப்பு என்று எழுதவில்லை, சரியாகப் படி)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஐந்தாம் நாள் விடிந்துவிட்டது. தாளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு ஈரம். அம்மா எழுவதற்குள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். வண்டி இல்லை, பூனை.