ஜூமா பறப்பதற்கு முன்னால்

என் சகாய அண்ணாவுக்கு,

பரலோகத்திலேயும் யாரையாவது பிடித்து உட்கார வைத்து ஜூமா கதை சொல்லிக்கொண்டிருப்பாய். கேட்கிறவர்கள் பாவம், எழுந்து ஓடக்கூட இடமிருக்காது.

ஒரு நல்ல சேதி. உன் படக்கதையைப் புத்தகமாகப் போட சென்னையில் ஒரு பதிப்பாளர் சம்மதித்திருக்கிறார். கென்யாப் பையன் ஜூமா, இடி விழுந்த வயலில் வெந்து கிடந்த மல்லாட்டைக் கடலையைத் தின்று பறக்கும் சக்தி பெறுவது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு பக்கம்தான் அவருக்கு இடிக்கிறது. முதல்முதலாகப் பறக்கப் போகிறவனை அவன் அம்மா வாசலில் நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றி மூன்று தரம் துப்பச் சொல்கிறாளே, அந்தப் பக்கம்.

"ஆப்பிரிக்காவுல ஏதும்மா திருஷ்டி? எடுத்துடுங்க" என்றார்.

பங்குச் சாமியார் திட்டத் திட்ட நம் அம்மா செய்ததைத்தான் நீ வரைந்தாய். "வானத்துல போற புள்ளைய எந்தம்மா சும்மா அனுப்புவா?" என்று நீ சண்டை போட்டே வந்த வாய்ப்பையெல்லாம் விட்டாய். விழுப்புரம் பாசஞ்சரைத் தாண்டாத உனக்குக் கென்யா அம்மாக்களைப் பற்றி என்ன தெரியும்?

போன வாரம் திண்டிவனத்தில் நம் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பையன் வந்தான். கென்யாக்காரன், மயிலம் பக்கம் காலேஜில் படிக்கிறான். ஹாஸ்டலில் தமிழ் பழகியிருக்கிறான். மெஷின்மேல் கிடந்த அந்தப் பக்கத்தைப் பார்த்து, "இன்னாக்கா இது?" என்றான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் இங்க வர்றப்போ எங்கம்மாவும் என் தலையில துப்பித்தான் ஆசீர்வாதம் பண்ணுச்சு. எங்க ஜனங்க அப்படித்தான்கா."

படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணா. அந்த நிமிஷம் நீ கடையில் இல்லையே என்று ஆற்றாமையாக இருந்தது.

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். "அந்தப் பக்கம் இல்லன்னா புக்கே வேணாங்க சார்" என்று சொல்லி, பையன் சொன்னதையும் சொன்னேன்.

அவர் பேரம் பேசினார். "சரிம்மா, துப்பட்டும். எதுக்கு மூணு தரம்? ஒரு தரம் போதாதா?"

"ஒரு தரம் துப்பிட்டுப் போனா பாதி வழியில வுழுந்துடுவான் சார்."

கவலைப்படாதே அண்ணா. மூன்று தரமும் அச்சில் வரும். ஒரு சொட்டுகூடக் குறைய விடமாட்டேன்.

உன் கதைக்கு நடுவிலேயே தூங்கிப்போகும் தங்கச்சி,
ஸ்டெல்லா