வெள்ளிக்கிழமை மட்டும் ஓடும் ஏசி

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்; போனில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் ரூம் ஏசியைப் பற்றித்தான் விசாரித்தார். திறந்து பார்த்தால் உள்ளே ஒரே கரும்பூஞ்சை. கழுவினோம், இருமலும் நின்றது.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போதெல்லாம் இருமுகிறீர்கள். தங்கச்சி ஃபாயிஸாவிடம் கேட்டேன்.

"மத்த நாள்ல அம்மா ஏசிக்கு உறைய மாட்டி வச்சிருக்குண்ணே. நீ பேசுறப்ப மட்டும் சன்னலச் சாத்திட்டுப் போடும். நீ வாங்கிக் குடுத்தது ஓடுறத நீ பாக்கணுமாம்" என்றாள்.

ஏசி ஓடிய ஈரம் உள்ளே காய்வதற்குள் உறையை மாட்டினால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? உங்கள் இளைப்புக்கு அது ஆகவே ஆகாதும்மா. ஆரப்பாளையத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்லுங்கள். அதுவரை தொடாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பேசுங்கள். ஏசி ஓடுவதைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். எனக்காக துஆ செய்யுங்கள். சன்னலையும் திறந்தே வையுங்கள். பருத்திப்பால் வண்டி மணி கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகன்
ஜமீல்