வெட்டிய பின்னும் இருந்த நொதி

ஜூன் 9, 2025, திங்கள்

இன்றும் அந்தக் கோடு வந்தது. மரபணுவில் ஒரு துண்டை வெட்டி நீக்கிய எலிகள். அவற்றின் ஈரலில் அந்த மரபணு உண்டாக்கும் நொதி துளியும் இருக்கக் கூடாது. ஆனால் நொதியைக் கோடாகக் காட்டும் படத்தில், வழக்கமான இடத்துக்குச் சற்றுக் கீழே, பென்சிலால் தொட்டதுபோல ஒரு கோடு. மூன்றாவது முறை. கைப்பிசகா? அழுக்கா?

சாயங்காலம் வீடு திரும்புகையில், மொரப்பூரிலிருந்து பஸ் பாப்பிரெட்டிப்பட்டி வந்ததே தெரியவில்லை. சித்தேரி மலையை மேகம் மூடியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 15

சர்ச்சில் பூசை முடிந்து வந்து மதியம் கண்ணயர்ந்தேன். சோளக்காட்டில் எலிகள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சின்ன வெளிச்சம். அம்மா தட்டி எழுப்பினாள். "ஏம் பிளசி, சிரிச்சுக்கிட்டே தூங்கற?"

ஜூன் 16

வேறு எலிகள், புது ரசாயனம். கோடு அங்கேயேதான். நொதியின் வேலையையும் அளந்தேன். சாதாரண எலியில் நூறு என்றால் இதில் பதினொன்று. வெட்டிய இடத்தைத் தாண்டி, மிச்ச மரபணுவிலிருந்து குட்டையான நொதி ஒன்று உருவாகிக்கொண்டே இருக்கிறது. என்ன பிடிவாதம்!

அப்படியென்றால் எங்கள் கட்டுரை — 'இந்த நொதி இல்லாமலே ஈரல் பிழைக்கும்' — தவறு. அடுத்த மாதம் அச்சாகிறது. முதல் பெயர் என்னுடையது.

ஜூன் 17

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 19

வழிகாட்டி கோகிலவாணி மேடத்திடம் படத்தை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பதினொன்னுதானே பிளசி. யாரு கேக்கப் போறாங்க?"

"அந்த நொதி இல்லாம பொறக்கற கொழந்தைங்களுக்கு வைத்தியமே வேணாம்னு, இதப் படிச்சுட்டு யாராச்சும் முடிவு பண்ணிட்டா, மேடம்?"

"வாபஸ் வாங்குனா உன் பட்டம் ரெண்டு வருசம் தள்ளிப்போவும். தெரியுமில்ல?"

தெரியும். "வாங்கிடலாம், மேடம்," என்றேன்.

ஜூன் 20

அம்மாவிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருசமா?" குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "சரி, வந்து சோறு தின்னு."

ஜூன் 23

வாபஸ் கடிதத்தை மேடமே எழுதி அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 14

கூண்டு அறையில் 'நொதி இல்லாதவை' என்ற அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கழற்ற, அவர் புது அட்டைகளில் எழுதினார்: 'குட்டை நொதி'. கடைசிக் கூண்டில் நேற்றுப் பிறந்த குட்டிகள், ரோஜா நிறத்தில், கண் திறக்காமல் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"எத்தன இருக்குது பாரு," என்றார்.

எண்ணினேன். ஒன்பது.