தரையிலிருந்து வந்த பதில்

இன்று புது ஹெட்செட் கொடுத்தார்கள். உறையைப் பிரித்ததும் அடித்த ரப்பர் வாடையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நாம் வேலைக்குச் சேர்ந்த அன்று நீ அதை மோந்து பார்த்துவிட்டு, "புதுச் செருப்பைத் தலைல மாட்டின மாதிரி இருக்கு மா" என்றாய். சிரித்ததற்கு ரெண்டு பேரும் திட்டு வாங்கினோம். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான் நமக்கு.

அயர்லாந்தில் தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால், பெங்களூர் அடுகோடியில் உட்கார்ந்திருக்கும் நம் காதில் மணி அடிக்கும். முதல் வாரம் ஒரு பெரியவர், "ஐ யாம் ஆஃப்டர் ஃபாலிங்" என்றார். விழப்போகிறாராம் என்றுதான் நம்மில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டோம். இப்போதுதான் விழுந்தேன் என்பதை அந்த ஊரில் அப்படிச் சொல்வார்களாம். எல்லாமே நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "புரியலன்னா கேட்டுக்கலாம் மா. புரிஞ்ச மாதிரி இருக்கும் பாரு, அப்பதான் எனக்கு பயம்" என்றாய்.

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் நீ ஒன்று கேட்பாய்: இப்போது எங்கே இருக்கிறீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாய். மேனேஜர் வாட்ச்சைத் தட்டிக் காட்டினால், "ஸ்வல்ப இருங்க சார்" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிக் கையைக் காட்டுவாய்.

இப்போது காதுக்கு வேலையே இல்லை. அழைப்பவர்கள் பேசுவதைக் கம்ப்யூட்டர் திரையே நல்ல இங்கிலீஷாக மாற்றி எழுதிவிடுகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. விவேக் நகர் சர்ச்சில் உனக்கு நினைவுப் பூசை வைத்த வாரமே, உன் பழைய அழைப்புகளைப் போட்டு அதைப் பழக்க ஆரம்பித்துவிட்டார்களாம். நேரம் மிச்சமாகட்டும் என்று பேச்சில்லாத இடங்களை வெட்டிவிட்டார்களாம். நீ காத்திருந்ததெல்லாம் அங்கேதானே இருந்தது? இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இன்று மதியம் ஒரு அம்மா அந்தப் பெரியவர் சொன்னதையே சொன்னார். விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார், தைரியம் சொல்லி அழைப்பை முடிக்கவும் என்றது திரை. பின்னால் நின்ற மேனேஜரும் முடிக்கச் சொன்னார். நான் உன் கேள்வியைக் கேட்டேன். மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. மேனேஜர் என் நாற்காலியைத் தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், தரையில் கிடக்கிறேன் என்றார் அந்த அம்மா. ஆம்புலன்ஸ் அனுப்பினேன். ஆட்கள் உள்ளே வந்த சத்தம் கேட்கும்வரை லைனை விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தால், என் வரிசை முழுக்கத் திரையைப் படித்து, தைரியம் சொல்லி, முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருடைய அழைப்பில் யார் தரையில் கிடந்தார்களோ தெரியாது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வியும், கேட்டபின் வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும்தான். வருகிற மாதத்திலிருந்து நாங்கள் பேச வேண்டாமாம். தைரியம் சொல்வதையும் திரையே பார்த்துக்கொள்ளும். உன் குரலில்.