தேவகி கடை வழியாகப் போன தூது

ஆனி 4, புதன்

காலையிலேயே வெயில். மாடித் தொட்டி கழுவினேன். முட்டி வலி. பி.பி. மாத்திரை போட்டேனா இல்லையா, ஞாபகம் இல்லை. இன்னொன்று போட்டுவிட்டேன்.

குமணன்சாவடி, தேவகி டீக்கடை. டி.வி.யில் வளைகுடாச் சண்டை. அமெரிக்கா கப்பல் அனுப்புகிறதாம். ரஷ்யா கண்டிக்கிறதாம். சீனா கவலைப்படுகிறதாம். ஈரான் விடமாட்டேன் என்கிறதாம். கடையில் இரண்டு கட்சி. ஃப்ளாட்டுக் கம்ப்யூட்டர் பையன்கள் அமெரிக்கா. ஆட்டோ ஸ்டாண்டு ரஷ்யா. நான் முதல் டீக்கு அமெரிக்கா, இரண்டாவது டீக்கு ரஷ்யா. இரண்டு பக்கமும் திட்டு. நல்ல பொழுது.

கபூர் பாய் மட்டும் பேசவில்லை. முப்பது வருடச் சிநேகிதர். கரையான்சாவடியில் முன்னால் தையல் கடை, பின்னால் வீடு. மகன் சுலைமான் வளைகுடாத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

"பாய், விசயம் தெரியுமா? உன் பையன் துறைமுகத்த மூடிட்டாங்களாம். ஆளுங்கள கப்பல்ல ஏத்தி நடுக்கடல்ல நிறுத்தி வச்சிகீறாங்களாம். மீன் புடிச்சி துன்னுகினு கீறான் உன் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் லேசாக.

ஆனி 5, வியாழன்

புழுக்கம். மழை வருவது போல் வந்து போனது.

கெட்ட நாள். நேற்று நான் சொன்னது ஏதோ ஒரு ஆட்டோவில் ஏறி கரையான்சாவடி போயிருக்கிறது. போகும் வழியில் வாய்க்கு வாய் மாறி அந்தக் கப்பலுக்குக் குண்டும் பட்டுவிட்டது. நேற்றுச் சாயங்காலமே கறிக்கடையில் யாரோ பேச, சுலைமான் பெண்டாட்டி மும்தாஜ் கேட்டு அங்கேயே விழுந்துவிட்டாள். சுலைமான் வேலையில் இருந்ததால் போன் எடுக்கவில்லை. அவனே கூப்பிடும் வரை வீட்டில் ஒரே அழுகை.

பாய் என் வாசலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"முப்பது வருசமா உன் கேலிக்கு சிரிச்சிகீறேன் முனுசாமி. என் ஊட்டுப் பொண்ணு நேத்து செத்துப் பொழச்சிது. இனிமே எங்கிட்ட பேசாத."

"பாய், நான் வெளாட்டுக்கு..."

போய்விட்டார். கத்தியிருந்தால் தேவலை.

மதியம் சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. மூன்று தோசை தின்றேன். ருசி இல்லை.

ஆனி 6, வெள்ளி

பாய் டீக்கடைக்கு வரவில்லை. அவர் பெஞ்சில் வேறு யாரோ.

டி.வி.யில் கேட்டது. அமெரிக்காவும் ஈரானும் நேரில் பேசுவதில்லை. ஓமன் என்று ஒரு சின்ன நாடு. இவன் சொன்னதை அவனிடம், அவன் சொன்னதை இவனிடம். அடிக்கப் போவதைக்கூடச் சில சமயம் முன்னாலேயே சொல்லி விடுவார்களாம், ஆட்கள் விலகட்டும் என்று. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் தனியாக ஒரு போன் லைன். எவ்வளவு முறைத்துக்கொண்டாலும் அதை அறுப்பதில்லை.

ஃப்ளாட்டு கார்த்திக்: "எல்லாம் நாடகம் தாத்தா. மேட்ச் ஃபிக்சிங்."

நாடகம் இல்லை. வேலை. எனக்குத் தெரியும். அண்ணனூர் பக்கம் ரயில்வே கேட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர் தொப்பையைக் கேலி செய்தேன். இரண்டு வருடம் அவர் என்னோடு பேச்சில்லை. ஆனால் ரயிலுக்கு முன்னால் போன் அடிக்கும். கேட்டை மூடிவிட்டு, மூடியதற்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பர் சொல்வேன், "நாப்பத்தேழு." அவர் திருப்பிச் சொல்வார், "நாப்பத்தேழு." இரண்டு பேரும் நோட்டில் எழுதுவோம். டொக், போனை வைத்துவிடுவார். ஒரு ஆடுகூட அடிபடவில்லை. கோபம் கோபமாக இருந்தது, கேட் கேட்டாக இருந்தது.

அந்தப் பெரிய நாட்டுக்காரர்கள் இதையே அணுகுண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது. கெட்டிக்காரர்கள்.

மாலை தேவகியிடம் போனேன்.

"பாய் கடைக்கு ரவிக்க தைக்கப் போவியே, ஒரு சேதி சொல்லும்மா. எங்கிட்ட பேச வேணாம். பையன் போன் பண்ணான்னா எனக்கு ஒரு மிஸ்டு கால். ஒரே ரிங். நான் எடுக்க மாட்டேன்."

"நான் இன்னா நைனா, தபால்காரியா?"

"நீதான் எங்க ஓமன்."

"இவ்ளோ ஆயும் கொழுப்பு கொறையல பாரு."

போவதாகச் சொன்னாள்.

ஆனி 7, சனி

மேகம். வாங்க: கொசுவத்தி, மாத்திரை, கோதுமை மாவு.

தேவகி பதில் கொண்டுவந்தாள். பாய் துணி வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாராம்: "ஒரு ரிங் வேணாம்னு சொல்லு. அத எவன் வேணா கை தவறி அடிப்பான். ரெண்டு. கெடச்சிதுன்னு அவனும் திருப்பி ரெண்டு அடிக்கணும். அடிக்கலன்னா நான் மறுபடி அடிப்பேன்."

என்ன மனுஷன். என் மேல் அவ்வளவு கோபம், ஆனாலும் என்னைவிட ஒரு படி மேலே யோசித்திருக்கிறார். வாஷிங்டனில் உட்கார வேண்டியவர் கரையான்சாவடியில் காஜா எடுக்கிறார்.

ஆனி 8, ஞாயிறு

காலை 7.10. இரண்டு ரிங். நானும் இரண்டு. கை தவறி மூன்றாவது போகப் பார்த்தது.

கடையில் அமெரிக்கா, ரஷ்யா சண்டை. நான் எந்தப் பக்கமும் இல்லை. ஆட்டோ சேகர்: "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஆனி 9, திங்கள்

7.10 இல்லை. 8 இல்லை. டி.வி.யில் ஏவுகணை, அந்தத் துறைமுகம் இருக்கும் பக்கம். விமானம் எல்லாம் நிறுத்தம். 9.30 இல்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று நாலு முறை பார்த்தேன். நானே அடிக்கலாமா? ஒப்பந்தத்தில் இல்லை. சேதிக்குக் காத்திருக்கிறவர் போன் அடித்து, அது நானாக இருந்தால்?

ஷேர் ஆட்டோ. கரையான்சாவடி. பாய் கடைக்கு எதிரே பழக்கடை நிழலில் நின்றேன். பாய் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே பேண்ட் காலைத் தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். மிஷினை நிறுத்தவே இல்லை. சத்தம் நின்றால் உள்ளே இருக்கும் மும்தாஜ் பதறி எட்டிப் பார்ப்பாள். அதற்காகத்தான். போய் அவர் காலில் விழத் தோன்றியது. ஆனால் என் தலையைப் பார்த்தால் அந்தப் பெண் என்ன நினைக்கும்? நின்றேன்.

12.40. சட்டைப்பையில் இரண்டு ரிங்.

நான் இரண்டு அடித்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கமே கேட்டது அவர் போன். நிமிர்ந்தார். பார்த்தார். மறுபடி மிஷின்.

ஆனி 11, புதன்

வெயில். சண்டை நிறுத்தம் என்கிறார்கள். ஓமன் ஓயாமல் பேசியதாம். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. அடிப்பதை நிறுத்தினார்கள், போதும்.

சுலைமான் பஸ்ஸில் மஸ்கட் போய், அங்கே விமானம் ஏறி, காலையில் வீட்டுக்கு வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். மாலை தேவகி கடைக்கே என்னைத் தேடி வந்தான்.

"மாமு, அத்தா சொல்லி அனுப்பிச்சாரு. நீங்க ஊட்டுக்கு வந்து மும்தாஜாண்ட மன்னிப்புக் கேக்கணுமாம்."

"வர்றேன்டா. இப்பவே வர்றேன்."

"நாளைக்கி வாங்க. இன்னொண்ணு கீது. வந்தா வாயத் தொறக்கக் கூடாதாம்."

"வாயத் தொறக்காம எப்டிடா மன்னிப்புக் கேக்குறது?"

"அது உங்க பாடுன்னாரு."

தேவகி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஆனி 12, வியாழன்

நல்ல மழை. சலவைச் சட்டை. ஆப்பிள் ஒரு கிலோ.

பாய் வீடு. மும்தாஜ் எதிரே வந்து நின்றாள். கை கூப்பினேன். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். சுலைமான் சுவரோரம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பாய் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பத்து. நாக்கு நுனியில் ஆறேழு கேலி வந்து நின்றது. விழுங்கினேன். கேலி எல்லாம் தீர்ந்த பிறகு எதிரே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மும்தாஜ் பாயிடம்: "போதும் உடுங்க மாமா. பாவம்."

பாய் நூலைப் பல்லால் கடித்தார். ஏழு நாள் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"டீ ஆறுது. குடிடா ஊமை."